கதவுகளை எண்ணிய கணக்கு

போன பள்ளி விடுமுறைக்கு அக்கா மகள் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். பதினோரு வயது. டேப்லெட்டை விட்டால் மைலோ, மைலோவை விட்டால் டேப்லெட். ஒரு நாள் மதியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, எனக்கு ஒரு உண்மையான கம்பம் கட்டிக் குடுங்க. யூடியூப்ல வர்ற மாதிரி வெள்ளைக்காரங்க ஊரு வேணாம். நம்ம ஆளுங்க இருந்த ஊரு" என்றாள். கட்ட வேண்டிய இடம் மைன்கிராஃப்ட்.

கம்போங் என்ற மலாய்ச் சொல்தான் எங்கள் வாயில் கம்பம். நான் சிவில் பொறியாளன். நிபோங் திபாலில் படித்து, பினாங்கிலேயே வேலை பார்க்கிறேன். படிவம் மூன்றிலிருந்து மைன்கிராஃப்ட் விளையாடுகிறேன். இது ஒரு பெரிய வேலையா? "அரை மணி நேரம் குடு" என்றேன்.

நீளமாக ஒரு லயம் கட்டினேன். பத்து அறை, பத்து கதவு, ஒரே தகரக் கூரை. முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய். கடைசியில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைக்குச் சந்தோஷம். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா தேநீர்க் கோப்பையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"என்னய்யா இது?"

"லயம் பெரியப்பா. நீங்க இருந்த தோட்டத்து வீடு மாதிரி."

கொஞ்ச நேரம் பார்த்தார். "வீடு சரி. மாடு எங்கடா கட்டுவ?"

நான் ஒரு மாட்டை வரவழைத்து லயத்துக்கு முன்னால் நிறுத்தினேன். பெரியப்பா சிரித்துவிட்டார். "இதுக்கு யாரு புல்லு போடுவா? ராத்திரி எங்க நிக்கும்? சாணி எங்க போவும்?"

மூன்று கேள்வி. நான்கு வருடம் பொறியியல் படித்தவனிடம் மூன்றுக்கும் பதில் இல்லை. பெரியப்பா செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா காலையில் பால் மரம் வெட்டுவார், மதியத்துக்கு மேல் லயத்துக்குப் பின்னால் நான்கு மாடுகளைப் பார்ப்பார். மரத்துப் பால் துரைக்கு, மாட்டுப் பால் நமக்கு என்று பெரியப்பா சொல்வதுண்டு. நான் அதை வெறும் பேச்சாகவே இத்தனை நாள் கேட்டிருக்கிறேன்.

*

மைன்கிராஃப்ட் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அந்த உலகம் முழுவதும் ஒரு மீட்டர் கனசதுரக் கட்டிகளால் ஆனது. மண், கல், மரம் எல்லாமே கட்டிகள்தான். உடைக்கலாம், வேறிடத்தில் வைத்து அடுக்கலாம். சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் இதன் முதல் வடிவத்தை 2009 மே 17 அன்று வெளியிட்டார். இந்த ஆண்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த உலகத்தில் ஊர் என்ற ஒன்றே கிடையாது. 2011 செப்டம்பரில்தான் கிராமங்கள் வந்தன. நடுவில் ஒரு கிணறு, அதிலிருந்து பிரியும் தெருக்கள், வீடுகள், கொஞ்சம் வயல். ஆனால் ஆள் இல்லை. எல்லாக் கிராமமும் காலி. இரண்டு மாதம் கழித்து, நவம்பரில் முழு வெளியீடு வந்தபோதுதான் கிராமத்தார் உள்ளே குடியேறினார்கள். வீடு முதலில், மனிதர்கள் பிறகு.

இங்கே ஒரு சுவாரசியமான சங்கதி உண்டு. ஓர் இடம் கிராமமா இல்லையா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? கதவுகளை எண்ணும். ஒரு கதவின் ஒரு பக்கம் கூரையும் மறுபக்கம் திறந்த வானமும் இருந்தால் அது ஒரு வீடு. கதவுகளின் எண்ணிக்கையை 0.35 ஆல் பெருக்கினால், அதுவே அந்த ஊரில் பெருகக்கூடிய மக்கள்தொகை. விளையாட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சுவரும் வேண்டாம் அடுப்பும் வேண்டாம் என்று கதவுகளை மட்டும் வரிசையாக நட்டு ஊர் உண்டாக்கினார்கள். 2019இல் இந்த விதி மாறியது. இப்போது கதவுக்குப் பதில் கட்டில். ஒரு கிராமவாசியும் அவர் தனக்கென்று பிடித்துக்கொண்ட ஒரு கட்டிலும் இருந்தால் கிராமம்.

தொழில்களும் உண்டு. விவசாயி, கசாப்புக்காரர், தோல் வேலை செய்பவர், ஆடு மேய்ப்பவர், நூலகர். பால்காரர் இல்லை. மாடு இருக்கிறது, ஆனால் அது தரையிலுள்ள புல்லைத் தின்னாது, தண்ணீர் குடிக்காது, சாணி போடாது. கன்று போடாமலேயே எத்தனை வாளி கேட்டாலும் அத்தனை வாளி பால் தரும்.

விளையாட்டில் குறை கண்டுபிடிக்க இதை எழுதவில்லை. கணினிக்கு ஏதாவது ஒன்றை எண்ணித்தான் ஆக வேண்டும். எதை எண்ணுவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். எண்ணாமல் விட்டது அந்த உலகத்தில் இல்லாமலே போகிறது. பெரியப்பா கேட்ட மூன்று கேள்வியும் எண்ணாமல் விட்டவற்றைப் பற்றியவை. அன்றிரவு படுத்தபோது, பினாங்கில் எங்கள் ஆட்களின் ஊர்களை இதுவரை யார் யார், எதை வைத்து எண்ணினார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

*

லயத்திலிருந்தே தொடங்கலாம். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். 1800இல் எதிர்க்கரையும் கம்பெனி கைக்கு வந்து வெல்லெஸ்லி மாகாணம் ஆனது. இன்றைய செபராங் பிறை அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் கப்பலேறியது முதலில் அந்தக் கரும்புக்குத்தான், ரப்பர் பிறகு வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நின்றது. கங்காணி மூலம் ஆள் பிடிப்பது 1938 வரை நடந்தது.

அந்தக் கூலிகளுக்குத் தோட்ட நிர்வாகம் கட்டிக்கொடுத்ததுதான் லயம். வரிசையாக அறைகள், வரிசையாகக் கதவுகள். எதற்கு இப்படி? மரமும் தகரமும் மிச்சமாகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பிரட்டு. விடிவதற்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்ப வேண்டும். கதவெல்லாம் ஒரே வரிசையில் இருந்தால் கங்காணி ஒரு நடையில் அத்தனையையும் தட்டிவிடலாம். இன்றைக்கு யார் வரவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். லயம் ஆளை எண்ணுவதற்காகக் கட்டிய வீடு. மைன்கிராஃப்ட் செய்ததை எங்கள் துரைமார்கள் நூறு வருடம் முன்பே செய்துவிட்டார்கள்.

நான் படித்த நிபோங் திபாலில் கலிடோனியா தோட்டத்து மாளிகை ஒன்று இருக்கிறது. 99 கதவு மாளிகை என்பார்கள். 1948இல் அதன் துரை ஜான் ராம்ஸ்டன் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு மாளிகை பாழடைந்தது. பேய் பார்க்கும் கூட்டம் இன்றும் கேமராவோடு இரவில் போகிறது. மாணவனாக இருந்தபோது நானும் நண்பர்களோடு போனேன், மறைப்பானேன். அன்று எங்களில் ஒருவன்கூட, இந்த மாளிகைக்கு உழைத்தவர்கள் குடியிருந்த லயம் எங்கே என்று கேட்கவில்லை.

பழைய மைன்கிராஃப்ட் விதிப்படி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 99 கதவுக்கு 34 பேர். ஒரு துரை குடும்பம் இருந்த மாளிகை கணினிக்கு ஒரு முழுக் கிராமம். நான் கட்டிய பத்துக் கதவு லயத்துக்கு மூன்றே பேர். நிஜத்தில் ஓர் அறைக்கு ஐந்து பேர் என்றாலும் ஐம்பது பேர் அங்கே படுத்திருப்பார்கள்.

*

லயம் நிர்வாகம் வரைந்த ஊர். அதற்கு எங்காவது ஒரு வரைபடம் இருந்திருக்கும். ஆனால் அக்கா மகள் கேட்டது கம்பம். யாரும் வரைபடம் போடாமல், இருப்பவர்களே வளர்த்தெடுத்த ஊர். பினாங்கில் அப்படிப்பட்ட தமிழர் ஊர் என்றால் என் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கெலுகோரில் இருந்த கம்போங் புவா பாலா.

புவா பாலா என்றால் ஜாதிக்காய். அந்தப் பெயரே ஒரு வரலாற்றுக் குறிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்திய கம்பெனி மலுக்குத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைப் பினாங்குக்குக் கொண்டு வந்தது. 1800இல் இங்கே வந்த ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் பிரவுன், கெலுகோரில் பெரும் தோட்டம் போட்டார். 1825இல் இறக்கும்போது தீவின் மிகப் பெரிய நிலவுடைமையாளர்களில் ஒருவர். பாடாங் பிரவுனில் வாரத்துக்கு ஒருமுறை பொப்பியா தின்கிறோமே, அந்தப் பிரவுன்தான். 1860 வாக்கில் நோய் விழுந்து பினாங்கின் ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. மரம் போனது, ஊர்ப் பெயரில் காய் மட்டும் தங்கியது.

பிரவுன் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாரிசுகள் நாங்கள், இந்த நிலம் எங்கள் முன்னோருக்கென்று அறக்கட்டளையாக விடப்பட்டது என்பது புவா பாலா மக்களின் வாதம். சுமார் ஆறரை ஏக்கர். 20க்கும் மேற்பட்ட குடும்பங்கள். மாடு, ஆடு, தென்னை, மாமரம். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிய பிறகும் அந்த இடத்தில் மாடு மேய்ந்தது. அதனால் அதற்குத் 'தமிழ் ஹை சப்பாரல்' என்று பட்டப்பெயர். ஹை சப்பாரல் என்பது 1967 முதல் 1971 வரை ஓடிய ஓர் அமெரிக்கக் கௌபாய் தொலைக்காட்சித் தொடர். மாட்டோடு தமிழர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடர்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

மீதிக் கதை பலருக்குத் தெரியும். மாநில அரசிடமிருந்து நிலம் அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குக் கைமாறி, வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. 2008 மார்ச் தேர்தலில் மாநில ஆட்சி மாறியது. விற்றது பழைய அரசு என்றது ஒரு பக்கம், கைமாற்றி முடித்தது புதிய அரசு என்றது மறுபக்கம். மக்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறி, அவர்களுக்கு எதிராக முடிந்தது. 2009 செப்டம்பரில் ஊர் இடிக்கப்பட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தொலைக்காட்சியில் மண்வாரி இயந்திரத்தையும் அழுகிற பெண்களையும் பார்த்துக்கொண்டே அம்மா சோறு போட்டது ஞாபகம் இருக்கிறது.

இரண்டு தேதிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2008 ஜூலை. மையப் பகுதியும் அதைச் சுற்றிய காப்புப் பகுதியும் சேர்த்துச் சுமார் 260 ஹெக்டேர். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833இன் மகா மாரியம்மன் கோயில், சூலியா தெருவின் கடைவீடுகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள். கெலுகோர் கோட்டுக்கு வெளியே. பட்டியல் எண்ணியது கட்டடங்களை. புவா பாலாவில் தூணும் வளைவும் கொண்ட கட்டடம் எதுவும் இல்லை, பலகைச் சுவரும் தகரமும்தான். ஊர் இடிபட்ட அதே 2009இல்தான், நான்கு மாதம் முன்பு, மைன்கிராஃப்ட் வெளிவந்திருந்தது. இது தற்செயல், பெரிய அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஊர் கட்ட உட்கார்ந்தவனுக்கு அந்த எண் உறுத்துகிறது.

*

மைன்கிராஃப்டை விளையாட்டு என்று ஒதுக்காத இடங்களும் உண்டு. 2014இல் டென்மார்க் அரசின் நில அளவைத் துறை, தன்னிடமிருந்த தரவைக் கொண்டு நாடு முழுவதையும் அதே அளவில் மைன்கிராஃப்டில் ஏற்றியது. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு தெருவும் அதில் இருந்தன. அரசின் பதிவேட்டில் இருந்ததால் இருந்தன. பதிவேட்டில் இல்லாத ஊருக்கு அந்த வழி கிடையாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. மைன்கிராஃப்டை உருவாக்கும் மோஜாங் நிறுவனமும் ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான ஹாபிடாட்டும் 2012இல் ஒரு திட்டம் தொடங்கின. நைரோபியின் கிபெரா போன்ற குடிசைப் பகுதிகளில் மக்களையே உட்காரவைத்து, தங்கள் பொதுவெளி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டிகளால் கட்டச் சொன்னார்கள். கட்டடக்கலைப் படத்தை வாசிக்கத் தெரியாதவரும் திரைக்குள் நடந்துபோய், இந்த விளக்குக் கம்பம் இங்கே வேண்டாம், அங்கே வேண்டும் என்று சொல்லிவிட முடியும். அந்த இடத்தில் இருப்பவருக்கு மட்டுமே தெரிந்தது அப்படி வெளியே வருகிறது.

எங்கள் வீட்டுச் சோபாவில் அப்படி ஒருவர் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் டேப்லெட்டைத் தொலைக்காட்சித் திரையில் இணைத்தேன். லயத்தை இடித்தேன். "சொல்லுங்க பெரியப்பா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

"தண்ணி எப்படி ஓடுதுன்னு பாரு மொதல்ல."

நான் தட்டையான உலகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதுவே முதல் தப்பு. சரிவு இல்லாத இடத்தில் மாடு கட்ட முடியாது. ஒரு குன்றின் அடிவாரத்துக்கு மாறினோம். கிணறு மேட்டில், அதற்குக் கீழே வீடு, அதற்கும் கீழே கொட்டகை. கொட்டகைக்கும் கீழே வாழை. மூத்திரமும் கழுவிய தண்ணீரும் வாய்க்கால் வழியாக வாழைக்குப் போக வேண்டும். நிஜத்தில் கொட்டகைத் தரைக்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு போதும், அதற்கு மேல் போனால் மாடு வழுக்கும். மைன்கிராஃப்டில் தரைக்கு வழக்கமாக வைக்கும் படி அரை மீட்டர். அங்கேயே இடித்தது. வாய்க்காலும் ஏழு கட்டி தூரம் ஓடிவிட்டு நின்றுவிடும், மறுபடி ஓட வேண்டுமானால் ஒரு படி கீழே விழ வேண்டும். ஆகவே ஏழேழு கட்டிக்கு ஒரு படி இறக்கினேன். பார்த்தால் ஊரே மெல்ல மெல்லப் படியிறங்கியது. நானாகத் திட்டமிட்டிருந்தால் அந்த வடிவம் வந்திருக்காது.

அடுத்தது சந்து. இரண்டு கட்டி அகலம் விட்டேன். விளையாட்டில் மாடு ஒரு கட்டி அகலமுள்ள வீட்டுக் கதவு வழியாகவே போய்விடும்.

"பத்தாது."

"மாடு போவுதே பெரியப்பா."

"போவும். திரும்பணுமே? மாடு பின்னாலயே நடந்து வருமா?"

மூன்று கட்டியாக அகட்டினேன். அதோடு வீடுகள் தள்ளிப் போயின. வீட்டின் பின்கதவு கொட்டகையைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார். ராத்திரி மாடு கன்று போடும்போது சத்தம் படுக்கைக்குக் கேட்க வேண்டும். நான் எல்லாக் கதவுகளையும் தெருப் பக்கம் வைத்திருந்தேன். லயத்துப் பழக்கம்.

கொசுவுக்கு மூட்டம். விளையாட்டில் தீ மூட்டுகிற ஒரு கட்டி இருக்கிறது. அதன் கீழே வைக்கோல் கட்டு வைத்தால் புகை மிக உயரத்துக்கு எழும்பும். அதை வைத்ததும் பெரியப்பா முதல்முறையாகத் திரைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு பாதை. ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் தெருவுக்கு நேர்கோடு போட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மாடு கன்று ஈன்றால் சீம்பால் காய்ச்சி எந்த எந்த வீட்டுக்குக் கொடுப்பார்கள், பேச்சு வார்த்தை இல்லாத வீடு எது, கறிவேப்பிலை எந்த வீட்டில் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கால் நடந்த இடம்தானே ஒற்றையடிப் பாதை. தெருவுக்குப் போகாமல் வீட்டுக்கு வீடு குறுக்கே போகும் வழிகள் ஒன்பது விழுந்தன. "அந்த ரெண்டு வீட்டுக்கு நடுவுல போடாத. அவங்க சண்டை" என்றார். போடவில்லை.

கடைசியில் புல். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிலோ பச்சைப்புல் வேண்டும். பத்து மாட்டுக்கு 300 கிலோ. ஆறரை ஏக்கரில் அத்தனையும் முளைக்காது. சாலையோரம், குன்றுச் சரிவு, பள்ளித் திடல் என்று போய் அறுத்துக் கட்டாகச் சைக்கிளில் கொண்டு வருவார்கள். அப்படியானால் ஊரின் எல்லை வேலியோடு முடிவதில்லை. அரிவாள் போகும் தூரம் வரை ஊர்.

இரவு தனியாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஆறரை ஏக்கர் என்பது சுமார் 26,300 சதுர மீட்டர், அதாவது தரையில் 26,300 கட்டிகள். தாராளமாக 25 வீடு, வீட்டுக்கு 10க்கு 10 மீட்டர் என்று வைத்தாலும் வீடுகள் பிடிப்பது 2,500. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஒன்பது பங்கும் கொட்டகை, வாய்க்கால், பாதை, வாழை, மரம், புல். புவா பாலா மக்களுக்கு ஈடாகப் பேசப்பட்டது இரட்டை மாடி வரிசை வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒரு வீடு. கதவுக்குக் கதவு. கணக்கு சரியாக இருக்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். தலையாட்டுவார் என்று நினைத்தேன். "கிராண்டு உள்ள வீடு சும்மாவா?" என்றார். "எங்கப்பா எத்தனை வருசம் இருந்தாரு? தோட்டத்தை வித்தப்ப பத்து பைசா பெறாத பலகையைப் பிரிச்சுக்கிட்டு வெளிய வந்தோம். இப்ப பிளாட்டுல இருக்கேன். கூரை ஒழுகல, எவனும் போன்னு சொல்ல முடியாது." அவர் சொல்வதும் வரலாறுதான். ஐம்பதுகளின் கடைசியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் வெளியே வந்தன. 1960இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் காசிலேயே தோட்டங்களை வாங்கியது, கால் ஊன்றிய நிலம் தன் பேரில் இல்லாததன் பயத்தால். வரிசை வீட்டை ஏற்றுக்கொண்டவரையும் மறுத்தவரையும் சோபாவில் உட்கார்ந்து எடைபோட எனக்கு உரிமை இல்லை.

ஆனால் பெரியப்பா பேச்சை அங்கே நிறுத்தவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வீடு கெடைச்சுச்சு. மாட்ட வித்தோம்ல. அதுக்கப்புறம் அப்பா காலையில எந்திரிச்சு என்ன செய்யறதுன்னு தெரியாம வாசல்லயே உக்காந்திருப்பாரு" என்றார்.

*

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாக இருக்காது. மூன்று வருடம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், செபராங் பிறையில் ஒரு வீடமைப்புத் திட்டத்தின் வரைபடம் என் கைக்கு வந்தது. நில அளவையாளர் படத்தில் நான்கைந்து கட்டடங்கள் இருந்தன. இருப்பவை, அகற்றப்பட வேண்டியவை என்று குறிப்பது என் வேலை. ஒரு தகரக் கொட்டகைக்குத் 'தற்காலிகக் கட்டுமானம்' என்று எழுதினேன். அதைச் சுற்றியிருந்த இடத்துக்குக் கோடு போட்டுக் 'காலி நிலம்' என்று எழுதினேன். இடம் பார்க்கப் போனபோது அங்கே ஒரு பெரியவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். திரும்பி வந்து படத்தில் எதையும் மாற்றவில்லை.

சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார், வேலை முடிந்தது. ஆனால் இப்போது தெரிகிறது, அந்தத் தாளில் நானும் கதவை மட்டும் எண்ணியிருக்கிறேன். 'காலி நிலம்' என்று நான் எழுதிய இடத்தில் வாய்க்கால் இருந்தது, வாழை இருந்தது, யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கோ ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. எழுதியிருந்தால் திட்டம் நின்றிருக்காது. ஆனால் இழப்பீடு பேசும்போது, நான்கு மாடு எங்கே போகும் என்று கேட்க யாராவது ஒருவருக்கு அந்தத் தாள் உதவியிருக்கும். இப்போது இடம் பார்க்கப் போகும்போது கூடுதலாக ஒரு தாள் கொண்டுபோகிறேன். தண்ணீர் ஓடும் பக்கம், மாடு நிற்கும் இடம், பாதை. அதைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பின்னிணைப்பாக வைத்துவிடுகிறேன்.

விடுமுறையின் கடைசி நாள் ஊர் கட்டி முடிந்தது. எட்டு வீடு, ஐந்து கொட்டகை, பதினான்கு மாடு. ஜாதிக்காய் மரம் விளையாட்டில் கிடையாது, காட்டு மரத்தின் இலையை வைத்துச் சமாளித்தேன். அக்கா மகள் ஊர் முழுக்க நடந்து பார்த்தாள். குறுக்குப் பாதைகளில் போனாள், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு குன்றுச் சரிவில் நின்றுகொண்டு கேட்டாள்:

"மாமா, இங்க எடம் சும்மாதானே கெடக்கு. இன்னொரு வீடு கட்டிக்கவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா சொன்னார். "சும்மா கெடக்கலம்மா. அது புல்லு."

அவள் ஒரு கணம் யோசித்தாள். கையில் எடுத்த பலகையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, ஓர் அறிவிப்புப் பலகை நட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் எழுதினாள்: 'மாடு சாப்புடுர எடம்'. எழுத்துப் பிழையைத் திருத்தலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.